டிராக்டரை விற்றேன்... பெயரை விற்க மறந்தேன்!



33 வருஷம் வங்கியில் வேலை பார்த்தவன் நான். அதில் பெரும்பகுதி கிராமக் கிளைகள்தான். டிராக்டர் கடன், கிணற்றுக் கடன், கறவை மாட்டுக் கடன் என்று விவசாயிகளோடுதான் என் காலம் போச்சு. 2016-ல் ஓய்வு பெற்றேன். திருவண்ணாமலை மாவட்டத்தில் அப்பா விட்டுப்போன நாலரை ஏக்கரில் இப்போது இயற்கை விவசாயம் செய்கிறேன்.

விவசாயிகளுக்கு ஏதாவது எழுதணும் என்றால் வழக்கமா எனக்குத் தெரிஞ்சதைப் பற்றித்தான் எழுதுவேன். இந்த முறை, தெரிஞ்சிருந்தும் நான் செய்யாமல் விட்ட ஒன்றைப் பற்றி எழுதுகிறேன். எங்க மாதக் கூட்டத்தில் இதைச் சொன்னபோது, 30 பேரில் 11 பேர் "எனக்கும் அப்படித்தான் சார் கிடக்குது" என்றார்கள். அதனால்தான் வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்.

விஷயம் இதுதான்: வண்டியை வித்தா மட்டும் போதாது. ஆர்.சி. புக்கில் பேர் மாறுற வரைக்கும் அந்த வண்டி உங்க வண்டிதான்.

நடந்தது என்ன?

2017-ல் கடன் போட்டு ஒரு டிராக்டர் வாங்கினேன், கூடவே ஒரு டிரெய்லர். நாலரை ஏக்கருக்கு டிராக்டர் எதுக்கு என்று வீட்டில் கேட்டார்கள். வங்கியில் இருந்தபோது அடுத்தவர்களிடம் நான் கேட்ட அதே கேள்விதான். கேட்கலை. மூடாக்கு, பலதானிய விதைப்பு என்று போகப் போக, வருஷத்தில் இருபது நாள்கூட டிராக்டருக்கு வேலை இல்லை. 2020-ல் மிச்சக் கடனை ஒரே தவணையில் கட்டி முடித்தேன். 2021 ஜனவரியில், பொங்கல் முடிந்த வாரம், பக்கத்து ஊர்த் தம்பி ஒருத்தர் வந்து கேட்டார். டிரெய்லரோடு சேர்த்து 2,90,000 ரூபாய்க்குப் பேசி முடித்தோம்.

கடன் முடிந்ததும் வங்கியில் இருந்து தடையில்லாக் கடிதம் வாங்கி பீரோவில் வைத்திருந்தேன். ஆனால் ஆர்.சி. புக்கில் இருந்த வங்கியின் பேரை, அதாவது 'ஹெச்.பி.' என்று நாம் சொல்கிற கடன் பதிவை, ரத்து செய்யவில்லை. அது ரத்தாகாமல், வங்கியின் எழுத்துச் சம்மதமும் இல்லாமல் பேர் மாற்ற முடியாது. தம்பிக்கு அவசரம், உழவு ஓடிக்கிட்டிருந்தது.

"சார், நீங்க பேங்க்ல இருந்தவரு. உங்க மேல நம்பிக்கை இல்லாமலா? 29, 30 பாரத்துல கையெழுத்து மட்டும் போட்டுக் குடுங்க. ஹெச்.பி. கேன்சல் பண்ணி நானே மாத்திக்கிறேன்" என்றார்.

நானும் தேதி போடாமல், வாங்குபவர் பேர் எழுதாமல், வெறும் பாரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். ஆர்.சி. புக், இன்சூரன்ஸ், வங்கிக் கடிதம் எல்லாம் கொடுத்தேன். ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி ஒரு டெலிவரி நோட்டு எழுதிக்கொண்டோம். என் கடமை முடிந்தது என்று நினைத்தேன்.

2023 மார்ச்சில் நீதிமன்ற சம்மன் வந்தது. மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டு வழக்கு. கேட்ட தொகை 14 லட்சம். முதல் எதிர்மனுதாரர் நான்.

விசாரித்தபோதுதான் கதை தெரிந்தது. தம்பி ஒரு வருஷம் ஓட்டிவிட்டு, நான் கொடுத்த அதே வெறும் பாரங்களோடு இன்னொருத்தருக்கு வித்துவிட்டார். அவர் கரும்பு லோடு அடிப்பவர். 2022 நவம்பரில் ஒரு ராத்திரி, கரும்பு ஏற்றிய டிரெய்லர் பஞ்சராகி ரோட்டோரம் நின்றிருக்கிறது. பின்னால் விளக்கும் இல்லை, ஒளிரும் ஸ்டிக்கரும் இல்லை. வேலை முடிந்து பைக்கில் வந்த ஒரு பையன் அதில் மோதிவிட்டான். வலது காலில் ரெண்டு இடத்தில் எலும்பு முறிவு.

இன்சூரன்ஸ்? 2021-ல் தம்பி ஒரு தடவை புதுப்பித்திருக்கிறார், என் பேரிலேயே. 2022 ஆகஸ்டில் அது முடிந்துபோச்சு. அடுத்தவர் புதுப்பிக்கவே இல்லை.

தம்பியைக் கூப்பிட்டேன். "சார், நான் வித்து ரொம்ப நாள் ஆச்சு சார், எனக்கு என்ன சார் சம்பந்தம்?" என்றார். எனக்குக் கோபம் வந்தது. அப்புறம் யோசித்தேன். இதே வாக்கியத்தைத்தானே நானும் வக்கீலிடம் சொல்லப் போகிறேன்?

சட்டம் என்ன சொல்கிறது?

டெலிவரி நோட்டைக் காட்டினேன். வக்கீல் படித்துவிட்டு, "இது உங்களுக்கும் அவருக்கும் நடுவுல உள்ள பேப்பர் சார். அடிபட்டவனுக்கு இதோட சம்பந்தமே இல்லை" என்றார்.

1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 2(30). வண்டி யார் பேரில் பதிவாகி இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர் என்று அது சொல்கிறது. கடனில் இருக்கிற வண்டிக்கு ஒரு விலக்கு உண்டு. அதில் ஒப்பந்தப்படி வண்டியை வைத்திருப்பவர்தான் உரிமையாளர். கடன் கொடுத்த வங்கி ஆகாது. மற்றபடி பதிவுப் புத்தகத்தில் யார் பேரோ அவர்தான்.

இதை உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் நவீன்குமார் வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. 2007-ல் விற்ற வண்டி. கைமாறிக் கைமாறிப் போயிருக்கிறது. 2009-ல் விபத்து. அதுவரைக்கும் பதிவு முதல் ஆள் பேரிலேயே இருந்தது. கடைசியாக வைத்திருந்தவர் பொறுப்பா, பதிவில் இருப்பவர் பொறுப்பா என்பது கேள்வி. பதிவில் இருப்பவர்தான் என்றது நீதிமன்றம். அடிபட்டவர், வண்டி யார் யார் கைக்குப் போச்சு என்று ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டிருக்க முடியாது என்பது அதற்குச் சொன்ன காரணம்.

முதலில் எனக்கு அது அநியாயமாகத்தான் பட்டது. ஓட்டினது நான் இல்லை, வண்டி என்கிட்ட இல்லை, நான் ஏன் கட்டணும்? அப்புறம் ஒருநாள் அந்தப் பையனை நீதிமன்ற வளாகத்தில் பார்த்தேன். சென்ட்ரிங் வேலை செய்கிறவன். ஊன்றுகோல் வைத்துக்கொண்டு வேப்பமரத்தடியில் அவன் அம்மாவோடு உட்கார்ந்திருந்தான். ஏழு மாசமா வேலை இல்லை. அந்த அம்மா என்னிடம், "ஐயா, அந்த வண்டி உங்களுதுங்களா?" என்று கேட்டார். "இல்லம்மா" என்று சொல்ல வாய் வரவில்லை. அவர்கள் கையில் இருந்த காகிதத்தில் என் பேர்தானே இருந்தது.

மக்கள் நீதிமன்றத்தில் 5,20,000 ரூபாய்க்குச் சமரசம் ஆச்சு. தம்பி ஒரு லட்சம் கொடுத்தார். மூன்றாவது ஆள் 50,000 கொடுத்தார். மிச்சம் 3,70,000 நான் கட்டினேன். டிராக்டர் விற்ற காசைவிட 80,000 ரூபாய் கூடுதல். வக்கீல் பீஸ் தனி. அவர்களிடம் இருந்து என் பணத்தைத் திரும்ப வாங்கணும் என்றால் அது வேற வழக்கு; நான் போகவில்லை.

இனிப் பாடம். விற்பவர், வாங்குபவர், வாரிசு என்று மூன்று பேருக்கும் தனித்தனியாகச் சொல்கிறேன்.

விற்பவர் செய்ய வேண்டியது

1. முதலில் ஹெச்.பி. ரத்து. கடன் முடிந்துவிட்டால் வங்கியில் தடையில்லாக் கடிதமும், வங்கி கையெழுத்தும் முத்திரையும் வைத்த 35-ம் எண் படிவமும் கொடுப்பார்கள். அதைப் பீரோவில் வைப்பதற்காகக் கொடுக்கவில்லை. ஆர்.சி., இன்சூரன்ஸ் நகலோடு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கொடுத்துக் கடன் பதிவை நீக்கணும். கடிதம் ரொம்பப் பழசாகிவிட்டால் புதுக் கடிதம் கேட்பார்கள். நாளைக்கு அந்தக் கிளையை வேறு கிளையோடு சேர்த்துவிட்டால் யாரைத் தேடுவீர்கள்? கடன் முடிந்த மாசமே செய்துவிடுங்கள். வண்டியை விற்கிற எண்ணம் இல்லாவிட்டாலும் செய்யுங்கள்.

2. காகிதங்கள் உயிரோடு இருக்கணும். இன்சூரன்ஸ், புகைச் சான்று, வரி எல்லாம் நடப்பில் இருக்கணும். வண்டி மேல் அபராதம் ஏதாவது நிலுவையில் இருந்தால் கட்டி முடிக்கணும். சொந்த உபயோக வண்டிகளுக்கும் விவசாய டிராக்டருக்கும் பதிவு 15 வருஷத்துக்குத்தான். அது தாண்டியிருந்தால் வண்டியைக் காட்டிப் பதிவைப் புதுப்பிக்கணும். புதுப்பித்தது அஞ்சு வருஷம் செல்லும்.

3. படிவம் 29-ம் 30-ம். 29 என்பது "நான் இன்னாருக்கு, இந்தத் தேதியில் வண்டியைக் கொடுத்துவிட்டேன்" என்று விற்பவர் கொடுக்கிற அறிவிப்பு. 30 என்பது "என் பேருக்கு மாற்றிக் கொடுங்கள்" என்கிற விண்ணப்பம். வாங்குபவர் பேர், முகவரி, விற்ற தேதி மூன்றையும் உங்கள் கண் முன்னால் எழுதின பிறகுதான் கையெழுத்து. வெறும் பாரத்தில் கையெழுத்துப் போடுவது வெறும் செக்கில் கையெழுத்துப் போடுவது மாதிரி. 33 வருஷம் செக்கைப் பற்றி இதைச் சொன்னவன், பாரத்தில் ஏமாந்தேன்.

4. கெடு. சட்டத்தின் 50-ம் பிரிவுப்படி, நம்ம மாநிலத்துக்குள்ளேயே விற்றால் விற்பவர் 14 நாளுக்குள் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்கணும். வாங்குபவர் 30 நாளுக்குள் தன் பகுதி அலுவலகத்தில் விண்ணப்பிக்கணும். வேறு மாநிலத்துக்கு விற்றால் விற்பவருக்கு 45 நாள். அதற்கு 28-ம் எண் படிவத்தில் என்.ஓ.சி.-யும் வாங்கணும். "அவர் மாத்திக்குவாரு" என்பது பாதி உண்மைதான். தெரிவிக்க வேண்டிய கடமை உங்களுக்கும் தனியாக இருக்கிறது.

5. டிரெய்லர் தனி வண்டி. அதற்குத் தனி ஆர்.சி., தனிப் பதிவு எண். டிராக்டருக்கு மாற்றிவிட்டு டிரெய்லரை மறந்துபோகிறவர்கள் நிறையப் பேர். என் வழக்கில் மோதினதே டிரெய்லரில்தான்.

6. இன்சூரன்ஸ். 157-ம் பிரிவுப்படி, வண்டியோடு சேர்ந்து பாலிசியும் வாங்குபவருக்குப் போனதாகத்தான் கணக்கு. ஆனால் அது மூன்றாம் நபர் பாதுகாப்புக்கு மட்டும்தான். வண்டி திருடுபோனாலோ சேதமானாலோ, பாலிசியில் பேர் மாறாமல் வாங்கினவருக்குப் பணம் வராது. 14 நாளுக்குள் அவர் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதணும். இன்னொன்று: விபத்துக் கோராமல் இருந்ததற்குக் கிடைக்கிற நோ க்ளைம் போனஸ் வண்டிக்குச் சொந்தமில்லை, உங்களுக்குத்தான் சொந்தம். சான்று வாங்கி அடுத்த வண்டிக்கு வைத்துக்கொள்ளலாம்.

7. டெலிவரி நோட்டு. தேதியோடு நேரமும் எழுதணும். வாங்குபவர் அடையாள அட்டை நகல், போன் நம்பர், ரெண்டு சாட்சி, கிலோமீட்டர் அல்லது மணி மீட்டர் அளவு, கொடுத்த காகிதங்களின் பட்டியல் எல்லாம் இருக்கணும். போலீஸ் கேட்டால் பதில் சொல்லவும், பிறகு வாங்கினவரிடம் பணம் கேட்கவும் இது உதவும். ஆனால் இழப்பீட்டுப் பொறுப்பில் இருந்து இது காப்பாற்றாது.

8. ஒரு டெபாசிட். இது சட்டம் இல்லை, நான் இப்போது கடைப்பிடிக்கிறது. பேசின விலைக்கு மேல் 10,000 ரூபாய் கூடுதலாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். "உங்க பேர்ல ஆர்.சி. வந்ததும் காட்டிட்டு இதை வாங்கிட்டுப் போங்க" என்று சொல்லி நோட்டிலும் எழுதிவிடுங்கள். பத்தாயிரம் நிக்குதுன்னா யாரும் மறக்க மாட்டாங்க. இதைவிட நல்லது, ரெண்டு பேரும் சேர்ந்தே அலுவலகத்துக்குப் போய்க் கொடுத்து ரசீது வாங்குவது.

9. முடிந்ததா என்று பாருங்கள். எம்-பரிவாகன் செயலியில் வண்டி நம்பரைப் போட்டால் உரிமையாளர் பேர் சில எழுத்து மறைத்துக் காட்டும். உங்கள் பேரா, வேற பேரா என்று கண்டுபிடிக்க அது போதும். இன்சூரன்ஸ் எது வரைக்கும் என்பதும் அதிலேயே தெரியும்.

வாங்குபவர் கவனிக்க வேண்டியது

"வண்டி என்கிட்ட இருக்கு, பேர் அவர்கிட்ட இருக்கு. விபத்துன்னா அவர்தானே மாட்டுவாரு, எனக்கு என்ன?" என்று ஒரு நண்பர் கூட்டத்தில் கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். அவருக்குச் சொன்ன பதில் இதுதான்.

உங்களுக்குத்தான் ஆபத்து அதிகம். விற்றவர் திடீரென்று இறந்துபோனால், அவர் வாரிசுகள் அத்தனை பேரிடமும் கையெழுத்துக்கு அலையணும். அவர் வெளியூர் போய்விட்டால் கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று பாரம் திரும்பி வரும். வண்டி திருடுபோனால் பாலிசிப் பணம் கிடைக்காது. அந்த வண்டியை வைத்துக் கடன் வாங்க முடியாது. வித்தால் நல்ல விலையும் வராது.

எல்லாவற்றையும்விட, ஹெச்.பி. இருக்கிற வண்டி. வங்கியில் இருந்தபோது நான் கண்ணால் பார்த்தது இது. கடன் வாங்கினவர் தவணை கட்டாமல் வண்டியை அடுத்தவருக்கு வித்துவிடுவார். வாங்கினவர் முழுப் பணம் கொடுத்திருப்பார், பாவம். ஆனால் வங்கிக்கு உள்ள உரிமை வண்டியோடவே வரும். மூன்றாவது கையில் இருந்த வண்டியை எடுத்துவரச் சொல்லிக் கையெழுத்துப் போட்டவன் நான். கேட்டுக்கு வெளியே நின்று அந்த மனுஷன் அழுதது இன்னமும் ஞாபகம் இருக்கு. அவர் செய்த ஒரே தப்பு, ஆர்.சி. புக்கைத் திருப்பிப் பார்க்காததுதான்.

அதனால் பணம் கொடுக்கும் முன் நாலு விஷயம் பாருங்கள். ஒன்று, ஆர்.சி.-யில் இருப்பவரும் விற்பவரும் ஒரே ஆளா? புரோக்கர் கையில் இருக்கிற பாரத்தை நம்பாமல், பதிவில் இருப்பவரிடம் நேரில் பேசுங்கள். ரெண்டு, ஹெச்.பி. இருக்கா? இருந்தால், பணத்தை அவர் கையில் கொடுக்காமல் கடன் கணக்கில் நேரடியாகக் கட்டி, வங்கிக் கடிதத்தை வாங்குங்கள். மூன்று, சேஸ் நம்பரும் என்ஜின் நம்பரும் ஆர்.சி.-யோடு ஒத்துப்போகுதா? மண் துடைத்து, டார்ச் அடித்து, ஒவ்வொரு எழுத்தாகப் பாருங்கள். நாலு, இன்சூரன்ஸ் எப்போது முடிகிறது?

பழைய வண்டிக் கடையில் வாங்கினாலும் விற்றாலும் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். 2023 ஏப்ரலில் இருந்து, பழைய வண்டி வியாபாரிகள் பதிவு அதிகாரியிடம் அங்கீகாரம் வாங்கணும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்த்திருக்கிறார்கள். அப்படி அங்கீகாரம் பெற்ற வியாபாரியிடம் வண்டியை ஒப்படைத்ததை 29சி படிவத்தில் ஆன்லைனில் தெரிவித்துவிட்டால், அடுத்தவருக்கு விற்கிற வரைக்கும் பொறுப்பு அவருடையது. கடையில் விட்டுவிட்டு வரும் முன் "உங்களுக்கு அங்கீகாரம் இருக்கா, 29சி போடுவீங்களா?" என்று கேளுங்கள். இல்லை என்றால் அது சாதாரண புரோக்கர் வியாபாரம்தான். வெறும் பாரக் கதை அங்கேயும் நடக்கும்.

அப்பா பேரில் இருக்கும் வண்டி

கிராமத்தில் இது ரொம்ப சகஜம். அப்பா போய் பத்து வருஷம் ஆகியிருக்கும். வண்டி இன்னமும் அவர் பேரில் ஓடும். நிலப் பட்டாவுக்கு அலைகிற நாம் வண்டியைக் கண்டுகொள்வதே இல்லை.

உரிமையாளர் இறந்தால், அவர் வண்டியை எடுத்து ஓட்டுகிற வாரிசு 30 நாளுக்குள் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்கணும். அப்படித் தெரிவித்தால் இறந்த நாளில் இருந்து மூன்று மாசம் வரைக்கும் அவர் பேரிலேயே ஓட்டலாம். அந்த மூன்று மாசத்துக்குள் 31-ம் எண் படிவத்தில் பேர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்கணும். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதம், ஆர்.சி., இன்சூரன்ஸ் வேண்டும்.

2021-ல் ஒரு நல்ல வசதி வந்தது. வங்கிக் கணக்கு மாதிரி வண்டிக்கும் நியமனதாரர், அதாவது நாமினி, போடலாம். புது வண்டிக்குப் பதிவின்போதே போடலாம். பழைய வண்டிக்குப் பிறகு ஆன்லைனில் சேர்க்கலாம். அப்படி இருந்தால் பேர் மாற்றம் சுலபம். எங்கள் வீட்டில் ஸ்கூட்டருக்கு மனைவி பேரை நாமினியாகப் போட்டிருக்கிறேன்.

கூட்டத்தில் கேட்ட இன்னும் ரெண்டு கேள்வி

"வித்து நாலு வருஷம் ஆச்சு. வாங்கினவர் எங்கே இருக்காருன்னே தெரியல. இப்ப என்ன பண்றது?" என்று ஒரு அம்மா கேட்டார். அவர் வீட்டுக்காரர் விற்ற மினி வேன், அம்மா பேரில் இருந்தது.

முதலில் செயலியில் பாருங்கள். பேர் மாறியிருந்தால் நிம்மதி. மாறவில்லை என்றால், இன்ன தேதியில் இன்னாருக்கு விற்றேன் என்று டெலிவரி நோட்டு நகலோடு பதிவு அலுவலகத்துக்கு விரைவுத் தபாலில் எழுதி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். வாங்கினவருக்கும் ஒரு விரைவுத் தபால் அனுப்புங்கள். பதிவில் பேர் மாறும் வரைக்கும் இது முழுப் பாதுகாப்பு ஆகாது. ஆனால் உங்கள் பக்கம் கடமையைச் செய்ததற்கு எழுத்துச் சாட்சி. இதற்கிடையில் இன்சூரன்ஸ் முடிந்துபோயிருந்தால், உங்கள் பேரில்தான் வண்டி இருக்கிறது, மூன்றாம் நபர் பாலிசியை நீங்களே கட்டிவிடுங்கள். "வித்த வண்டிக்கு நான் ஏன் கட்டணும்?" என்று தோணும். எனக்கு மட்டும் அந்த யோசனை வந்திருந்தால், சில ஆயிரம் ரூபாயோடு போயிருக்கும். அந்தப் பையனுக்கும் பணம் சீக்கிரம் கிடைத்திருக்கும்.

ரெண்டாவது கேள்வி நம்ம குழுக்களைப் பற்றியது. பத்துப் பேர் சேர்ந்து காய்கறி ஏற்ற ஒரு வண்டி வாங்கினார்கள். அவசரத்துக்கு ஒருத்தர் பேரில் பதிவு செய்துவிட்டார்கள். அது சரியா?

பணம் பத்துப் பேருடையது. சட்டப்படி வண்டி ஒருத்தருடையது. விபத்து நடந்தால் மாட்டுவது அவர் வீடும் நிலமும். அவர் குடும்பத்தில் சண்டை வந்தால் மாட்டுவது பத்துப் பேர் பணம். ரெண்டு பக்கமும் நஷ்டம்தான். குழு முறையாகப் பதிவு பெற்ற சங்கமாகவோ உழவர் உற்பத்தியாளர் நிறுவனமாகவோ இருந்தால், தீர்மானம் போட்டு அதன் பேருக்கே மாற்றிவிடுங்கள். இன்னும் பதிவு ஆகவில்லை என்றால், யார் பேரில் வண்டி இருக்கிறதோ அவரிடம் இன்சூரன்ஸ் தேதியைக் காட்டிவிட்டுத்தான் சாவியை எடுக்கணும் என்று ஒரு வழக்கம் வையுங்கள்.

கடைசியாக...

அந்தப் பையன் இப்போது நடக்கிறான். சாரத்தில் ஏற முடியவில்லையாம். கம்பி கட்டுகிற வேலைக்குப் போகிறான். தம்பியும் நானும் மறுபடி பேசிக்கொள்கிறோம். போன மாசம் அவர் தன் பைக்கை விற்றபோது எனக்குப் போன் பண்ணி, "சார், 29-ல என்ன தேதி போடணும்?" என்று கேட்டார். "நீ வண்டியைக் கொடுக்கிற தேதிதாம்பா" என்றேன்.

விதையை மூட்டையில் போட்டு வைக்கும்போது ரகப் பேர் எழுதி ஒரு சீட்டு போடுகிறோம் இல்லையா? சீட்டு மாறிப்போனால் விதைப்பது ஒன்று, முளைப்பது ஒன்று ஆகிவிடும். வண்டிக்கு ஆர்.சி.தான் அந்தச் சீட்டு.

இந்தக் கட்டுரையைப் படித்து முடித்ததும் ஒரு வேலை செய்யுங்கள். வீட்டில் இருக்கிற ஆர்.சி. புக்குகளை எல்லாம் எடுத்து வெளியே வையுங்கள். யார் பேர், ஹெச்.பி. இருக்கா, இன்சூரன்ஸ் எது வரைக்கும் என்று ஒரு தாளில் எழுதுங்கள். அப்புறம், இதுவரைக்கும் நீங்கள் விற்ற வண்டிகளின் நம்பரை ஞாபகப்படுத்தி அதே தாளில் கீழே எழுதி, ஒவ்வொன்றாகச் செயலியில் பாருங்கள். அரை மணி நேர வேலைதான்.

நான் அப்படிப் பார்த்தபோது, 2009-ல் விற்ற பழைய மொபெட் ஒன்று இன்னமும் என் பேரில்தான் இருந்தது. வர்ற திங்கட்கிழமை விரைவுத் தபால் அனுப்பப் போகிறேன்.